‘புரிஞ்சுதா?’ என்றால் ‘ஆமா சார்’: சிறையில் கற்றல் குறைபாடு உள்ளவர்களுக்கு என்ன நடக்கிறது? உச்ச நீதிமன்ற உத்தரவு மாற்றப்போவது என்ன?

பெருங்களத்தூரில் தொடங்கும் சென்னை பைபாஸ் சாலை, மதுரவாயலைத் தாண்டி புழலில் போய் முடிகிறது. மொத்தம் 32 கிலோமீட்டர். தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர் பக்கம் கைதாகி, மாஜிஸ்திரேட் முன்பு நிறுத்தப்பட்டு ரிமாண்ட் ஆனால், பெரும்பாலும் புழல் சிறை; இல்லையென்றால் செங்கல்பட்டு கிளைச் சிறை.

அப்படி வேனில் ஏற்றப்பட்ட ஒரு இளைஞருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது என்று வைத்துக்கொள்வோம். வயது 20. ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. ஆள் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறார். பேசவும் செய்கிறார். ஆனால், ஒரே நேரத்தில் மூன்று விஷயம் சொன்னால் கடைசி ஒன்றுதான் மனதில் நிற்கும். ஸ்டேஷனில் நீட்டிய பேப்பரில் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டார்கள். ‘ஆமா சார்’ என்றார். ஏனென்றால், சின்ன வயதிலிருந்து அவர் கற்றுக்கொண்ட ஒரே தற்காப்பு அந்த ‘ஆமா சார்’தான்.

இது கற்பனை உதாரணம். ஆனால் இந்த ‘ஆமா சார்’ நிஜம். கற்றல் குறைபாடும் அறிவுசார் குறைபாடும் உள்ளவர்கள் சிறைக்குள் எப்படி இருக்கிறார்கள் என்ற கேள்வி, தமிழ்நாட்டில் இருந்து போன ஒரு வழக்கின் மூலம் 2025-ல் உச்ச நீதிமன்றம் வரை போய், இன்று நாடு முழுவதும் சிறைத்துறை பதில் சொல்ல வேண்டிய கேள்வியாகிவிட்டது. என்ன நடந்தது? இனி என்ன மாற வேண்டும்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்கணும்: மூன்றும் ஒன்றல்ல

கற்றல் குறைபாடு, அறிவுசார் குறைபாடு, மனநோய். இந்த மூன்றையும் பொதுவாக ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். ஆனால், மூன்றும் வேறு வேறு.

கற்றல் குறைபாடு என்பது வாசிப்பது, எழுதுவது, கணக்குப் போடுவது போன்ற குறிப்பிட்ட திறன்களில் மட்டும் வரும் சிக்கல். டிஸ்லெக்சியா, டிஸ்கிராஃபியா, டிஸ்கால்குலியா எல்லாம் இந்த வகை. அறிவுத்திறன் இயல்பாகவே இருக்கும்; எழுத்து மட்டும் பிடிபடாது.

அறிவுசார் குறைபாடு என்பது புரிந்துகொள்வது, யோசித்து முடிவெடுப்பது, அன்றாட வேலைகளைச் சமாளிப்பது என எல்லாவற்றையும் பாதிக்கும். சிறு வயதிலேயே தொடங்கி வாழ்நாள் முழுவதும் இருக்கும். மாத்திரை கொடுத்துச் சரிசெய்கிற விஷயம் இல்லை. ஆதரவு கொடுத்தால் சமாளிக்க முடிகிற விஷயம்.

மனநோய் இன்னொரு வகை. அது யாருக்கும் எந்த வயதிலும் வரலாம். சிகிச்சை உண்டு.

2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கும் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, மொத்தம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. அதில் அறிவுசார் குறைபாடு, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, ஆட்டிசம் மூன்றும் இருக்கின்றன. ஆக, சட்டப்படி இவர்கள் மாற்றுத்திறனாளிகள். இந்த உரிமை சிறைக் கதவோடு நின்றுவிடுவதில்லை.

கைதில் இருந்தே ஆரம்பிக்கிறது சிக்கல்

கண் தெரியாதவரையோ, நடக்க முடியாதவரையோ பார்த்தவுடன் தெரிந்துவிடும். கற்றல் குறைபாடு கண்ணுக்குத் தெரியாது. அதைவிட முக்கியம், அது இருப்பவரே அதை மறைப்பார். வகுப்பில் ‘மக்கு’, ‘தண்டம்’ என்று வாங்கிய பெயர் போதும் என்று, படிக்கத் தெரியாததை வெளியே காட்டாமல் வாழப் பழகியிருப்பார். பலருக்குத் தங்களுக்கு இருப்பது ஒரு குறைபாடு என்பதே தெரியாது. ‘எனக்குப் படிப்பு ஏறல’ என்ற ஒரு வரியோடு அது முடிந்துபோயிருக்கும்.

இந்த நிலையில் போலீஸ் விசாரணை என்றால் என்ன ஆகும்?

ஒரே கேள்வியை நான்கு முறை கேட்டால், ‘நாம சொன்ன பதில் தப்பு போல’ என்று நினைத்துப் பதிலை மாற்றுவார். தேதி, நேரம், வரிசை குழம்பும். குழப்பம் பொய்யாகத் தெரியும். பெரியவர்கள் சொல்வதை ஒத்துக்கொண்டால் வீட்டுக்கு விட்டுவிடுவார்கள் என்று நம்புவார். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது என்பது உண்மைதான். ஆனால், அந்த வாக்குமூலத்தை வைத்துப் பொருள் எதையாவது மீட்டால், அது தொடர்பான பகுதியை அரசுத் தரப்பு பயன்படுத்த முடியும். வழக்கின் போக்கே அங்கே முடிவாகிவிடலாம்.

2025 நவம்பர் 6-ம் தேதி உச்ச நீதிமன்றம் இன்னொரு முக்கியத் தீர்ப்பைக் கொடுத்தது. கைதுக்கான காரணத்தைக் கைதானவருக்குப் புரியும் மொழியில், எழுத்துப்பூர்வமாகக் கொடுக்க வேண்டும் என்பதுதான் அது. நல்ல தீர்ப்பு. ஆனால், தமிழ் தெரிந்தும் தமிழ் எழுத்தைப் படிக்க முடியாதவருக்கு ‘புரியும் மொழி’ எது? பிரிவு எண்களும் ‘மேற்படி எதிரி’ வகையறா வாக்கியங்களும் நிறைந்த ஒரு தாளைக் கையில் கொடுத்தால் போதுமா? வாய்விட்டுப் படித்து, சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல்லி, ‘இப்போ நீங்க சொல்லுங்க, என்ன புரிஞ்சுது?’ என்று திருப்பிக் கேட்டால்தானே அந்தத் தீர்ப்பின் நோக்கம் நிறைவேறும்?

பிரிட்டனில் இதற்கு ஒரு ஏற்பாடு இருக்கிறது. 1984-ம் ஆண்டு காவல் சட்டத்தின் கீழ், எளிதில் பாதிக்கப்படக்கூடிய ஒருவரை விசாரிக்கும்போது, போலீஸ் அல்லாத ஒரு பெரியவர் கூடவே உட்கார வேண்டும். குடும்பத்தினராக இருக்கலாம், பயிற்சி பெற்ற தன்னார்வலராகவும் இருக்கலாம். கேள்வி புரிகிறதா என்று கவனிப்பதுதான் அவர் வேலை. இந்தியாவில் 18 வயது தாண்டிய குற்றம் சாட்டப்பட்டவருக்கு அப்படிக் கட்டாய ஏற்பாடு இல்லை.

புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்-ல் ஒரு வழி உண்டு. குற்றம் சாட்டப்பட்டவர் தன் தரப்பை எடுத்துவைக்க முடியாத அளவுக்கு மனநலப் பாதிப்போ அறிவுசார் குறைபாடோ உள்ளவர் என்று மாஜிஸ்திரேட்டுக்குத் தோன்றினால், பிரிவு 367-ன்படி அவரை மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பலாம். ஆனால் இது தீவிரமான நிலையில் இருப்பவர்களுக்கானது. ஓரளவு சமாளிக்கிறவர், ‘ஆமா சார்’ சொல்கிறவர், இந்த வலையில் சிக்க மாட்டார். எல்லோரையும் போல நேராகச் சிறைக்குப் போய்விடுவார்.

சிறைக்குள்ளே: கீழ்ப்படியாமையா, புரியாமையா?

சிறை என்பது முழுக்க முழுக்க விதிகளால் ஓடும் இடம். எப்போது எழுந்திருக்க வேண்டும், கணக்கெடுப்புக்கு எங்கே வரிசையில் நிற்க வேண்டும், எந்த பிளாக், எந்த நம்பர், கேண்டீன் கணக்கில் எவ்வளவு இருக்கிறது, மனு போட்டுப் பார்க்க வீட்டார் எந்த நாளில் வரலாம், அடுத்த வாய்தா எப்போது... எல்லாமே ஒன்று எழுத்து, இல்லையென்றால் எண்.

எழுத்தும் எண்ணும் பிடிபடாதவருக்கு இது ஒவ்வொன்றும் ஒரு சுவர். வரிசையில் தப்பான இடத்தில் நிற்பார். சொன்ன வேலையைப் பாதியில் விடுவார். ‘திமிரு’ என்று பெயர் வாங்குவார்.

இன்னும் பழக்கத்தில் இருக்கும் 1894-ம் ஆண்டு சிறைச் சட்டம், விதிகளுக்கு வேண்டுமென்றே கீழ்ப்படியாமல் இருப்பதைச் சிறைக் குற்றமாகப் பார்க்கிறது. கவனிக்க வேண்டிய வார்த்தை, ‘வேண்டுமென்றே’. புரியாததால் செய்யாமல் விட்டதும், புரிந்தும் செய்யாமல் விட்டதும் வெளியே பார்த்தால் ஒரே மாதிரிதான் இருக்கும். வித்தியாசம் கண்டுபிடிக்க, அவருக்குக் குறைபாடு இருக்கிறதா என்று யாராவது முன்கூட்டியே பார்த்திருக்க வேண்டும். பார்க்காவிட்டால், குறைபாட்டுக்கே தண்டனை கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

சக கைதிகளிடமும் ஆபத்து உண்டு. ஏமாற்றுவது சுலபம். கேண்டீன் பொருளைப் பிடுங்கிக்கொள்வார்கள். மற்றவர் செய்த தப்பை இவர் தலையில் கட்டுவார்கள். புகார் எழுதிப் போடவும் இவருக்குத் தெரியாது. எழுதத் தெரிந்த இன்னொரு கைதியிடம்தான் போய் நிற்க வேண்டும். அந்தக் கைதிதான் தொல்லை கொடுப்பவர் என்றால்?

தமிழ்நாடு சிறைகளில் நல்ல முயற்சிகள் நடக்காமல் இல்லை. கைதிகள் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ தேர்வு எழுதுகிறார்கள். சென்னை புத்தகக் காட்சியில் ‘கூண்டுக்குள் வானம்’ என்ற பெயரில் கைதிகளுக்காகப் புத்தகங்களை நன்கொடையாகச் சேகரித்தார்கள். வாசகர்கள் அள்ளிக் கொடுத்தார்கள். ஆனால் வாசிக்க முடியாதவருக்கு நூலகமும் ஒரு பூட்டிய அறைதான். அவருக்குத் தேவை வேறு மாதிரியான வகுப்பு. டிஸ்லெக்சியா உள்ளவரைச் சாதாரண எழுத்தறிவு வகுப்பில் உட்காரவைத்தால், பள்ளியில் பட்ட அவமானம் மறுபடியும் ஆரம்பமாகும். ரெண்டாவது நாளே வர மாட்டார்.

எத்தனை பேர்? எண்ணவே இல்லை

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். இவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நான்கில் மூன்று பேர் மீதான குற்றம் இன்னும் நிரூபிக்கப்படவில்லை.

இந்த அறிக்கை கைதிகளின் வயது, மதம், சாதிப் பிரிவு, கல்வி எல்லாவற்றையும் சொல்கிறது. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் பத்தாம் வகுப்பைக்கூட எட்டாதவர்கள் என்பதும் அதிலிருந்து தெரிகிறது. மனநோய் உள்ள கைதிகளுக்கும் ஒரு பட்டியல் இருக்கிறது. ஆனால் மாற்றுத்திறனாளிக் கைதிகள் எத்தனை பேர், என்ன வகை என்ற பட்டியல் இல்லை. படிப்பை விட்டவர்களில் எத்தனை பேர் வறுமையால் விட்டார்கள், எத்தனை பேர் ‘படிப்பு ஏறாமல்’ விட்டார்கள் என்று பிரித்துப் பார்க்க வழியே கிடையாது.

எண்ணிப் பார்த்த நாடுகளில் என்ன தெரிந்தது? இங்கிலாந்து, வேல்ஸில் குற்றவியல் நீதி அமைப்புகளை ஆய்வு செய்யும் அமைப்புகள் 2021-ல் சேர்ந்து ஒரு அறிக்கை கொடுத்தன. கற்றல் குறைபாடு, ஆட்டிசம், ஏடிஎச்டி எனப் பல வகைகளையும் சேர்த்தால், சிறைக்குள் வருபவர்களில் சுமார் பாதிப் பேருக்கு ஏதோ ஒன்று இருக்கலாம் என்று அந்த அறிக்கை மதிப்பிட்டது. அதன் பிறகு அங்கே ஒவ்வொரு சிறைக்கும் இதற்கென்றே ஒரு பொறுப்பு அதிகாரியை நியமிக்கத் தொடங்கினார்கள். அந்த எண்ணை அப்படியே இந்தியாவுக்குப் பொருத்த முடியாது. ஆனால், ‘இங்கே அப்படி யாரும் இல்லை’ என்று சொல்லவும் முடியாது. தேடாமல் எப்படிக் கிடைப்பார்கள்?

கோவை சிறையில் இருந்து உச்ச நீதிமன்றம் வரை

திருப்பத்தை உண்டாக்கியது, முருகானந்தம் எதிர் தமிழ்நாடு அரசு என்ற வழக்கு. மனுதாரர் ஒரு வழக்கறிஞர். பெக்கர் தசைச்சிதைவு நோயால் கடுமையான உடல் குறைபாடு உள்ளவர். 2020-ல் கைதாகி கோவை மத்திய சிறையில் இருந்தபோது, தன் உடல்நிலைக்குத் தேவையான உணவும் சிகிச்சையும் வசதிகளும் கிடைக்கவில்லை என்று அவர் மாநில மனித உரிமைகள் ஆணையத்துக்குப் போனார். பிறகு சென்னை உயர் நீதிமன்றம் இழப்பீட்டை 5 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. அதற்கு மேலும் கேட்டு உச்ச நீதிமன்றம் போனார்.

2025 ஜூலை 15-ம் தேதி, நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு தீர்ப்புச் சொன்னது. இழப்பீட்டை உயர்த்தவில்லை. ஆனால் வழக்கை ஒரு தனிநபர் பிரச்சனையாக மட்டும் பார்க்காமல், தமிழ்நாட்டுச் சிறைகள் அனைத்துக்கும் வழிகாட்டுதல்களை வகுத்தது. அதில் கற்றல், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு முக்கியமானவை:

• சிறைக்குள் வரும்போதே மாற்றுத்திறனாளிகளை அடையாளம் காண வேண்டும். தனக்கு என்ன குறைபாடு, என்ன உதவி தேவை என்று சொல்லக் கைதிக்கு வாய்ப்புக் கொடுக்க வேண்டும்.

• சிறை விதிகள், உரிமைகள் எல்லாம் பிரெய்ல், பெரிய எழுத்து, சைகை மொழி, எளிய மொழி எனப் புரியும் வடிவங்களில் இருக்க வேண்டும்.

• சிறைப் பணியாளர்களுக்கும் மருத்துவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகள் உரிமை பற்றிப் பயிற்சி தர வேண்டும். மனநல ஆலோசனை உள்ளிட்ட சிகிச்சைகள் கிடைக்க வேண்டும்.

• 6 மாதங்களுக்குள் எல்லாச் சிறைகளிலும் அணுகல் தணிக்கை நடக்க வேண்டும். சிறைக் கையேட்டைத் திருத்த வேண்டும்.

• மாற்றுத்திறனாளிக் கைதிகள் பற்றிய தரவுகளைத் தனியாகப் பராமரிக்க வேண்டும்.

2025 டிசம்பரில் இன்னொரு வழக்கில், நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா அமர்வு இந்த வழிகாட்டுதல்களை எல்லா மாநிலங்களுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் விரிவாக்கியது. கூடவே, தனி குறைதீர்ப்பு ஏற்பாடும், மாற்றுத்திறனாளிக் கைதிகளும் கலந்துகொள்ளும்படியான கல்வி வசதியும் வேண்டும் என்று சொன்னது.

ஆக, கோவையில் தொடங்கிய ஒரு புகார் இன்று இந்தியா முழுமைக்கும் விதியாகிவிட்டது. ஆனால், இதை நடைமுறைப்படுத்தும்போது ஒரு ஆபத்து இருக்கிறது. ‘மாற்றுத்திறனாளி வசதி’ என்றதும் அதிகாரிகளுக்கு முதலில் நினைவுக்கு வருவது சாய்தளமும் வெஸ்டர்ன் டாய்லெட்டும்தான். அவை கண்டிப்பாக வேண்டும். சிமென்ட் வேலையைப் போட்டோ எடுத்து அறிக்கையிலும் வைக்கலாம். ‘இவருக்குப் புரியும்படி சொன்னோம்’ என்பதைப் போட்டோ எடுக்க முடியாது. அதனால் கண்ணுக்குத் தெரியாத குறைபாடுகள் இங்கேயும் பட்டியலின் கடைசிக்குப் போய்விடலாம்.

சட்டத்துக்கு நடுவே ஒரு இடைவெளி

மனநல பராமரிப்புச் சட்டம் 2017, ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒரு சிறையின் மருத்துவப் பிரிவிலாவது மனநல மையம் அமைக்க வேண்டும் என்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதே சட்டம், மனநோய் என்பதற்கான விளக்கத்திலிருந்து அறிவு வளர்ச்சிக் குறைபாட்டை விலக்கி வைத்திருக்கிறது. மருத்துவ ரீதியில் அது சரிதான். ரெண்டும் வேறு வேறு. ஆனால் நடைமுறையில் என்ன ஆகிறது? மனநலப் பிரிவுக்குப் போனால், ‘இவருக்கு மனநோய் இல்லை’ என்று திருப்பி அனுப்பலாம். சாதாரண பிளாக்கில் போட்டால் சமாளிக்க முடியாது. நடுவில் நிற்கிறார்.

சான்றிதழ் இன்னொரு தலைவலி. குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டைக் கண்டறியும் முறைகள் பள்ளிக் குழந்தைகளை மனதில் வைத்து உருவானவை. 8 வயதில் பரிசோதித்து, 14, 18 வயதுகளில் மறுபடி பார்ப்பதுதான் மத்திய அரசின் 2018-ம் ஆண்டு வழிமுறையாக இருந்தது. பள்ளியை ஏழாம் வகுப்பிலேயே விட்டவர் இந்த வரிசையில் எங்கேயும் நிற்கவில்லை. இருபது வயதில் சிறைக்குள் வரும்போது அவர் கையில் எந்தக் காகிதமும் இருக்காது. ‘கார்டு இருக்கா?’ என்று கேட்டு, ‘இல்லை’ என்றதும் முடித்துவிட்டால், உண்மையில் உதவி தேவைப்படும் ஆள்தான் வெளியே தள்ளப்படுவார்.

செங்கல்பட்டு சொன்ன பாடம்

தாம்பரம் பகுதி மக்களுக்கு ஒரு சம்பவம் மறந்திருக்காது. தாம்பரம் ரயில்வே பகுதியில் திருட்டுப் புகாரில் பிடிபட்ட 17 வயதுச் சிறுவன், செங்கல்பட்டு அரசு கூர்நோக்கு இல்லத்தில் 2022 டிசம்பர் 31-ம் தேதி உயிரிழந்தான். அந்த இல்லத்தின் பணியாளர்கள் 6 பேர் கைது செய்யப்பட்டார்கள். இதன் தொடர்ச்சியாக, இத்தகைய இல்லங்களை மேம்படுத்தப் பரிந்துரை செய்ய ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அரசு அமைத்தது.

அது கற்றல் குறைபாடு தொடர்பான வழக்கு அல்ல. ஆனால், பூட்டிய கதவுக்குப் பின்னால் தனக்காகப் பேச முடியாதவருக்கு என்ன நடக்கலாம் என்பதை அது காட்டியது.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குச் சட்டம் ஒரு நல்ல கருவியைக் கொடுத்திருக்கிறது. சமூக விசாரணை அறிக்கை என்று பெயர். நன்னடத்தை அலுவலர் வீட்டுக்குப் போய், சிறுவன் ஏன் பள்ளியை விட்டான், குறைபாடு ஏதாவது உண்டா, குடும்பச் சூழல் என்ன என்று விசாரித்து எழுத வேண்டும். ஒழுங்காக எழுதினால், கற்றல் குறைபாடு அங்கேயே பிடிபட்டுவிடும். ஆனால் 18 வயது முடிந்த மறுநாள் கைதானால், இந்த அறிக்கை கிடையாது. பிறந்தநாள் கேக் வெட்டியதும் குறைபாடு போய்விடுமா என்ன?

பெரும்பாக்கம், செம்மஞ்சேரி போன்ற மறுகுடியமர்வுப் பகுதிகளில் இந்தக் கேள்விக்கு அழுத்தம் அதிகம். நகரின் நடுவிலிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் பள்ளி மாறும்போது படிப்பு நின்றுபோவது அங்கே பல ஆண்டுகளாகப் பேசப்படும் பிரச்சனை. ஏற்கெனவே எழுத்தோடு போராடும் பிள்ளைதான் முதலில் பள்ளியை விடும்.

சிங்கப்பூரில் ஒரு தமிழருக்கு நடந்தது

அறிவுத்திறன் குறைந்தவரைச் சட்டம் எப்படிப் பார்க்க வேண்டும் என்ற கேள்வி, தமிழர்களுக்குப் புதிதல்ல. மலேசியத் தமிழரான நாகேந்திரன் தர்மலிங்கம், 42.72 கிராம் ஹெராயினைத் தொடையில் கட்டிக் கொண்டுவந்ததாக 2009-ல் சிங்கப்பூர் எல்லையில் பிடிபட்டார். அவருடைய ஐ.க்யூ. 69 என்று மதிப்பிடப்பட்டது. 2010-ல் மரண தண்டனை விதிக்கப்பட்டது.

அவருக்கு எல்லைக்கோட்டு நிலையிலான அறிவுத்திறன் இருந்ததை மறுக்காத நீதிமன்றம், தான் செய்வது என்னவென்று அவருக்குத் தெரிந்திருந்தது என்று முடிவு செய்தது. ஐ.நா. நிபுணர்கள் உட்பட உலகம் முழுவதும் இருந்து வேண்டுகோள்கள் போயின. 2022 ஏப்ரல் 27-ம் தேதி அவர் தூக்கிலிடப்பட்டார்.

இந்த வழக்கில் எந்தப் பக்கம் நின்றாலும், ஒரு விஷயம் தெளிவு. ஒருவருக்குத் தப்பு, சரி தெரிகிறதா என்பது ஒரு கேள்வி. அவர் அழுத்தத்துக்கு எவ்வளவு எளிதில் பணிவார், தன் நிலையை எடுத்துச் சொல்ல முடிகிறதா என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்கு ‘ஆம்’ என்றால், இரண்டாவதைக் கேட்காமலே விட்டுவிடும் பழக்கம் எல்லா நாட்டு நீதி அமைப்புகளிலும் இருக்கிறது.

‘குற்றம் செஞ்சவனுக்குச் சலுகையா?’

கமெண்ட்டில் முதலில் வரும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். நியாயமான கேள்விதான். பதில் மூன்று.

ஒன்று, சிறையில் இருப்பவர்களில் பெரும்பாலானவர்கள் மீது குற்றம் இன்னும் நிரூபணம் ஆகவில்லை. புரியாமல் ‘ஆமா’ சொன்னதால் உள்ளே போன ஒருவர் அதில் இருந்தால், உண்மையான குற்றவாளி வெளியே இருக்கிறார் என்று அர்த்தம். பாதிக்கப்பட்டவருக்கும் அது அநீதி.

இரண்டு, தண்டனை என்பது சுதந்திரத்தைப் பறிப்பது. வரிசை புரியாததற்காக அடி வாங்குவதோ, வாய்தா தேதி தெரியாமல் கூடுதல் காலம் உள்ளே இருப்பதோ, எந்த நீதிபதியும் விதித்த தண்டனை இல்லை.

மூன்று, என்றாவது ஒருநாள் அவர் வெளியே வருவார். தாம்பரம் மார்க்கெட்டிலோ பல்லாவரம் சந்தையிலோ நம்மோடுதான் நடப்பார். உள்ளே இருந்த காலத்தில் பெயர் எழுத, பஸ் நம்பர் படிக்க, ஒரு கைத்தொழில் செய்யக் கற்றுக்கொண்டு வந்தால், அது எல்லோருக்கும் பாதுகாப்பு.

‘எல்லாரும் எனக்குக் குறைபாடுன்னு நடிப்பாங்களே?’ என்ற சந்தேகமும் வரும். இங்கே கேட்கப்படுவதில் பெரும்பாலானவை விடுதலையோ தண்டனைக் குறைப்போ இல்லை. படம் போட்ட அறிவிப்புப் பலகை, மெதுவாகச் சொல்லும் காவலர், வாய்மொழியாகப் புகார் சொல்லும் வசதி. இதை நடித்து வாங்கி யாருக்கு என்ன லாபம்? தவிர, படம் போட்ட பலகை வடமாநிலக் கைதிக்கும் உதவும், கண் மங்கிய முதியவருக்கும் உதவும்.

பணம் அதிகம் தேவையில்லை, கவனம்தான் தேவை

இதில் செய்ய வேண்டிய பல விஷயங்களுக்குப் பெரிய பட்ஜெட் வேண்டாம்.

சிறை அட்மிஷனின்போது நாலு கேள்வி சேர்க்கலாம். ‘எத்தனாவது வரை படிச்சீங்க? ஏன் விட்டீங்க? இந்த ரெண்டு வரியைப் படிச்சுக் காட்ட முடியுமா? சில்லறை எண்ண யாராவது உதவணுமா?’ இது சான்றிதழ் கொடுக்கும் பரிசோதனை இல்லை. யாரைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்று காட்டும் சல்லடை. அதில் தங்குபவர்களை மட்டும் நிபுணரிடம் அனுப்பினால் போதும்.

நிபுணர்களுக்கும் சென்னையில் பஞ்சமில்லை. தென் சென்னைப் புறநகரில், கிழக்குக் கடற்கரைச் சாலை முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகள் மேம்பாட்டுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. சிறப்புக் கல்வியாளர்கள், மறுவாழ்வு உளவியலாளர்கள் பயிற்சி பெறும் இடம் அது. டிஸ்லெக்சியாவுக்காகவே 30 ஆண்டுகளுக்கு மேல் இயங்கும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் நகரத்துக்குள் இருக்கிறது. கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகமும் உண்டு. முட்டுக்காட்டுக்கும் புழலுக்கும் நடுவே இருப்பது தூரம் மட்டும் அல்ல. இரண்டு துறைகளுக்கு இடையே யாரும் போடாத ஒரு கோப்பு.

காவல் நிலையத்திலும் இதே கதைதான். 2022 ஜனவரி முதல் தாம்பரத்துக்குத் தனி மாநகரக் காவல் ஆணையரகம் செயல்படுகிறது. புதிய அமைப்பு என்பதால், ‘கேள்வியைச் சின்னதாகக் கேளுங்கள், பதிலைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள், சந்தேகம் இருந்தால் வீட்டாரைக் கூப்பிடுங்கள்’ என்ற ஒரு பக்கப் பயிற்சியை அங்கிருந்தே தொடங்க முடியும்.

வீட்டில் ஒருவர் சிக்கிக்கொண்டால் என்ன செய்யணும்?

மகனுக்கோ தம்பிக்கோ இப்படி ஒரு குறைபாடு இருந்து, அவர் கைதாகிவிட்டால், வீட்டார் தெரிந்துவைத்திருக்க வேண்டியவை:

• முதல் ரிமாண்டின்போதே மாஜிஸ்திரேட்டிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். ‘பையனுக்குப் படிக்க வராது, சொல்றது சீக்கிரம் புரியாது’ என்று வழக்கறிஞர் மூலம் பதிவு செய்யச் சொல்லுங்கள். பிறகு சொன்னால், தப்பிக்கச் சொல்வதாக எடுத்துக்கொள்வார்கள்.

• பழைய காகிதங்களைத் தேடுங்கள். யுடிஐடி அட்டை இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் சிறப்புப் பள்ளி சேர்க்கை, மருத்துவமனைச் சீட்டு, தேர்வில் சலுகை வாங்கிய கடிதம், பள்ளி மாற்றுச் சான்றிதழ் எதுவும் உதவும்.

• இலவச வழக்கறிஞர் கேளுங்கள். சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின்படி மாற்றுத்திறனாளிக்கும், காவலில் உள்ளவருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. அழைக்க வேண்டிய எண் 15100. மனநோய், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கென்றே தேசிய சட்டப்பணிகள் ஆணையம் 2024-ல் தனித் திட்டம் கொண்டுவந்திருக்கிறது. அதைச் சொல்லிக் கேளுங்கள்.

• சிறைக் கண்காணிப்பாளருக்கு எழுதிக் கொடுங்கள். என்ன குறைபாடு, எப்படிச் சொன்னால் புரியும், என்ன மாத்திரை, எதற்குப் பயப்படுவார் என்று ஒரு பக்கத்தில் எழுதி, பெற்றதற்கு ஒப்புகை வாங்குங்கள். 2025 ஜூலை தீர்ப்பைக் குறிப்பிடுங்கள்.

• பெயில் கிடைத்தும் வெளியே வர முடியவில்லையா? ஜாமீன் கிடைத்து 7 நாளாகியும் விடுதலையாகாதவர் பற்றிச் சிறை நிர்வாகம் மாவட்ட சட்டப்பணிகள் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. செங்கல்பட்டு மாவட்ட ஆணையத்தை நேரில் அணுகலாம்.

• முதல்முறை குற்றம் சாட்டப்பட்டவரா? அந்தக் குற்றத்துக்கான அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால், பிஎன்எஸ்எஸ் பிரிவு 479-ன்படி ஜாமீன் பெற வழி உண்டு. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கும், வேறு வழக்குகள் நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. நாள் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பவருக்கு அது தெரியாமல் இருக்கலாம்.

அடுத்து கவனிக்க வேண்டியது

உச்ச நீதிமன்றம் கேட்ட தணிக்கை அறிக்கையில் எத்தனை சாய்தளம் கட்டினார்கள் என்பது வரும். அதோடு, எத்தனை கைதிகளிடம் ‘படிக்க வருமா?’ என்று கேட்டார்கள், எளிய தமிழில் விதிகள் தயாரா, எத்தனை காவலர்களுக்குப் பயிற்சி முடிந்தது என்ற எண்களும் வருகிறதா என்பதுதான் உண்மையான பரீட்சை.

அது வரும் வரை, பெருங்களத்தூரில் பைபாஸ் ஏறும் அந்த வேனில் ஒருவர் தலையாட்டிக்கொண்டே இருப்பார். ‘புரிஞ்சுதா?’ என்ற கேள்விக்கு அவர் சொல்லும் பதிலை அப்படியே நம்பாமல் இன்னொரு முறை கேட்பதற்கு, எந்த அரசாணையும் தேவையில்லை.